நாலு மில்லிமீட்டர் கனம்

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. அந்தச் செய்தி வந்த பேப்பர் பக்கத்தை மட்டும் உருவி, பழைய பேப்பர் கட்டுக்கு அடியில் சொருகிவிட்டேன். மனைவி கண்ணில் பட்டால் என்ன கேட்பாள் என்று தெரியும். சிவகளைக்கும் நான் பிறந்த ஊருக்கும் சைக்கிளிலேயே போய் வரலாம். அந்த மண்ணில் 5,300 வருஷத்துக்கு முன்பே இரும்போடு புழங்கியிருக்கிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்து, பி.காம் முடித்து, மதுரையில் வங்கி வேலைக்கு வந்து சேர்ந்த நான், வாடகை வீட்டு மொட்டை மாடியில் ஒரு காய்கறிக் கத்தி செய்யத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த நேரம் அது.

என்னைக் கெடுத்தது ஃபாரடே. மின்சாரத்துக்குப் பேர்போன அதே மைக்கேல் ஃபாரடேதான். அவர் கொல்லர் வீட்டுப் பிள்ளை. 1819 வாக்கில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரோடு சேர்ந்து, இந்தியாவிலிருந்து போன ஊட்ஸ் எஃகை ஆராய ஆரம்பித்தார். அதே மாதிரி எஃகை லண்டனில் செய்துபார்க்கவும் முயன்றார். ஸ்டோடார்ட் தன் கடை அட்டையிலேயே இந்திய ஊட்ஸில் செய்த கத்தி, சவரக்கத்தி என்று அச்சடித்துப் பெருமைப்பட்டவர். இந்தப் பக்கம், ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நொய்யல் கரையோரம் எஃகு உருக்கிய உலைகளின் தடயம் இருக்கிறது. இதையெல்லாம் பஸ்ஸில் படித்துக்கொண்டே போனால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? கடல் தாண்டிப் போய்ப் பெயர் வாங்கிய சரக்கு நம் ஊர்ச் சரக்கு. அதில் ஒரு கத்தி செய்ய எனக்கா வராது என்று தோன்றிவிட்டது. ஃபாரடேக்கு ராயல் இன்ஸ்டிடியூஷன் இருந்தது என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

எனக்கு இருந்தது மாடியில் துணி துவைக்கிற கல். அதன் விளிம்பில்தான் சின்ன வைஸைத் திருகி மாட்டினேன். அதோடு ஒரு பாஸ்டர்ட் அரம் (பெயரே அதுதான், நான் திட்டவில்லை), ஒரு ஆக்சா, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், கொஞ்சம் உப்புத்தாள், பழைய ஹேர் டிரையர். குறைந்த கருவிகளை வைத்துச் செய்வதுதான் உண்மையான கலை என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கிரைண்டர் வாங்கக் காசு தர வீட்டில் மறுத்துவிட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை.

பழைய இரும்புக் கடையில் ஒரு பட்டையை எடுத்து, ஸ்பிரிங் பட்டைதானா என்று கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஆமா" என்றார். கேட்ட நான்தான் முட்டாள். நான் எதைக் காட்டியிருந்தாலும் அவர் ஆமா என்றுதான் சொல்லியிருப்பார். அது யாருடைய கேட்டிலிருந்தோ வந்த சாதா இரும்பு. அதில் கார்பன் கால் சதவீதம்கூட இருக்காது. அரை சதவீதத்துக்கு மேல் கார்பன் இருந்தால்தான் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது கத்திக்கு வேண்டிய கடினம் ஏறும். வண்டி ஸ்பிரிங் பட்டையில் அது அரைக்குச் சற்று மேலே. நல்ல அரத்தில் ஒன்றுக்கும் மேலே. கிரைண்டர் கல்லில் தொட்டுப் பார்த்தால் தீப்பொறியே சொல்லிவிடும். கார்பன் ஏறியது பூப்பூவாய் வெடிக்கும். சாதா இரும்பின் பொறி நீளமாக ஓடி, பெரிதாக வெடிக்காமல் அணையும். இதை நான் தெரிந்துகொண்டது, அந்தக் கேட்டுப் பட்டையைக் கத்தி வடிவத்துக்கு அராவி, பளபளப்பேற்றி, உலையில் வைத்து, எண்ணெயில் முக்கி, வைஸில் மாட்டி நெளித்துப் பார்த்த பிறகு. நெளித்தது நெளிந்தபடியே நின்றது.

அரம் தள்ளும்போது மட்டுமே வெட்டும். பின்னால் இழுக்கும்போது தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஐ.டி.ஐ. சேர்ந்த பையனுக்கு முதல் வாரமே தெரிகிற விஷயம் இது. நான் ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் தேய்த்துத் தேய்த்துப் புத்தம் புது அரத்தின் பல்லை எல்லாம் மழுக்கிவிட்டு, இந்தக் காலத்து அரமே மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் என் கையிலிருந்து அரத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "சார் தபலா வாசிப்பீங்களோ?" என்று கேட்டார். பக்கத்தில் ஆணி வாங்க வந்திருந்த ஆசாரி ஒருவர்தான் இரக்கப்பட்டு, சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு அராவினால் இரும்புத்தூள் பல்லுக்குள் அடையாது என்று சொல்லித் தந்தார். வாங்கிக்கொண்டு வந்த புது அரத்துக்கு வீட்டில் என்ன காரணம் சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

அடுத்தது நெருப்பு. இஸ்திரிக்கடையில் கரி வாங்கினேன். செங்கல்லை மூன்று பக்கமும் நிறுத்தி, ஹேர் டிரையருக்கு ஒரு இரும்புக் குழாயைச் சொருகினால் உலை தயார். காற்று நன்றாகவே அடித்தது. கரி வெள்ளையாய்க் கனன்றது. அடியில் செங்கல் போட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. மாடியில் பதித்திருந்த தட்டோடும் அதன் கீழே இருந்த சுண்ணாம்புக் கலவையும் முந்தின நாள் மழையைக் குடித்திருந்தன. அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஓடு படாரென்று வெடித்து, ஒரு சில்லு தெறித்து, காய்ந்துகொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவின் கூழ்வடகத்தில் விழுந்தது. அவர் மேலே வந்தார். உலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வடகத்தைப் பார்த்தார். "தம்பி, பேங்க்லதான வேல பாக்குறீங்க?" என்று கேட்டார். ஆமா என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அட்வான்ஸில் கழித்துக்கொண்டார்.

முக்குவதற்குக் கடலை எண்ணெய். செக்கில் ஆட்டியது. தண்ணீரில் முக்கினால் எஃகு சட்டென்று குளிர்ந்து கீறல் விடும். எண்ணெய் கொஞ்சம் நிதானமாகக் குளிர்விக்கும். அதையும் சற்றுச் சூடாக்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இத்தனையும் படித்து வைத்திருந்தேன். பழுத்த இரும்பு இறங்கியதும் குப்பென்று தீப்பிடித்து எரியும் என்றும் படித்திருந்தேன். தெருவே கமகமக்கும் என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. கீழ்வீட்டுப் பையன் கையில் தட்டோடு மாடியேறி வந்து, "அங்கிள், பஜ்ஜியா?" என்றான்.

இந்தத் தடவை நிஜமாகவே ஸ்பிரிங் பட்டை. வேன் மெக்கானிக் ஷெட்டில் கேட்டு வாங்கியது, 6 மில்லிமீட்டர் கனம். முக்கியெடுத்து, ஆறியதும் அரத்தை வைத்துப் பார்த்தேன். கடினம் ஏறிய எஃகில் அரம் கடிக்காது; கண்ணாடியில் வைத்த மாதிரி வழுக்கும். வழுக்கியது! உற்சாகத்தில் கை தவறி, கத்தி துவைக்கிற கல்லில் விழுந்து இரண்டாக முறிந்தது. முறிந்த இடத்தைப் பார்த்தேன். அஸ்கா சீனியைக் கொட்டிப் பரப்பியதுபோலப் பரல் பரலாக மினுங்கியது. எஃகை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் உள்ளே இருக்கிற பரல்கள் பெருத்துப்போகும். பிறகு அது கண்ணாடிக்குச் சமம். பொடிப்பொடியாக, சாம்பல் நிறத்தில், மினுக்கமில்லாமல் இருக்க வேண்டும் முறிவு.

ஏன் மீறியது? காந்தம் ஒட்டாமல் போகும்வரை காய்ச்ச வேண்டும், அது ஏறக்குறைய 770 டிகிரி, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். ஒட்டாமல் போனதைப் பார்த்தேன். இன்னும் சிவக்கவே இல்லையே என்று சந்தேகப்பட்டு, இன்னும் ஊதினேன். மேலும் ஊதினேன். இதில் என்ன பிழை என்று எனக்குப் புரியவே இல்லை. முறிந்த துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு திருப்பாச்சேத்திக்குப் பஸ் ஏறினேன்.

மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. அரிவாளுக்குப் பேர்போன ஊர். சினிமாக்காரர்கள் அந்தப் பெயரை அடிதடிக்கே எழுதி வைத்துவிட்டார்கள், ஆனால் பட்டறையில் தொங்குவது பெரும்பாலும் கருக்கரிவாளும் வெட்டரிவாளும் மண்வெட்டியும்தான். நான் போய் நின்றதும் பட்டறைக்காரர் முதலில் ஒரு நோட்டை நீட்டினார். பெயர், விலாசம், தொழில், போன் நம்பர். 2021-ல் போலீஸ் கெடுபிடி வந்ததிலிருந்து வாங்க வருகிறவர்கள் விவரத்தை எழுதி வைக்கிறார்கள். எழுதினேன். தொழில் என்ற இடத்தில் வங்கி என்று எழுதியதையும் என்னையும் ஒரு முறை பார்த்தார்.

"வாங்க வரலண்ணே, காட்ட வந்தேன்" என்று கைக்குட்டையை அவிழ்த்தேன்.

முறிவை விரலால் தடவினார். "எங்க வச்சு சூடு பாத்தீக?"

"மொட்டை மாடிலண்ணே."

"எத்தன மணிக்கு?"

"ஞாயித்துக்கிழம மத்தியானம். லீவு அன்னைக்குத்தான் நேரம் கெடைக்குது."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார். கண் பழக நேரமானது. ஓலை வேய்ந்த பட்டறை, ஒரு பக்கம் மட்டும் வாசல், மற்ற பக்கமெல்லாம் தட்டி. வசதிக் குறைவால் இருட்டாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். உலையிலிருந்து அவர் ஒரு இரும்பை உருவிக் காட்டியபோது அதன் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகத் தெரிந்தது. நுனியில் ஒரு சிவப்பு, நடுவில் வேறு சிவப்பு, அடியில் கறுப்போடு கலந்த இன்னொன்று. சூட்டைக் கண்ணால் அளக்கிறவனுக்கு நிழல் வேண்டும். "வெயில்ல வச்சுப் பாத்தா நல்லாப் பழுத்ததும் கறுப்பாத்தான் சார் தெரியும்" என்றார். மதுரையில் சித்திரை மாசத்து உச்சி வெயிலில் நின்றுகொண்டு சிவக்கவில்லை, சிவக்கவில்லை என்று ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன் நான்.

அவர் துவைச்சல் போட்டதையும், அதாவது காய்ச்சிய இரும்பைத் தோய்த்துக் கடினம் ஏற்றியதையும் பார்த்தேன். எண்ணெய், தெர்மாமீட்டர் ஒன்றும் கிடையாது. அரிவாளின் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் இறக்கி எடுத்தார். உடனே ஒரு கல்லில் இரண்டு தேய். வெளுத்த இரும்பில், முதுகுப்பக்கம் மிச்சமிருந்த சூடு வாயை நோக்கி நகர்வது நிறமாகத் தெரிந்தது. முதலில் வைக்கோல் மஞ்சள், அதன் பின்னால் தவிட்டு நிறம். மஞ்சள் வாயைத் தொட்டதும் முழுசாகத் தண்ணீருக்குள். நான் இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்து இறக்க வேண்டும் என்று படித்திருந்த வேலையை அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே முடித்துவிட்டார். எனக்கும் கற்றுத் தருவதாகச் சொன்னார். நான் படித்த ஆள் அல்லவா, 'கண்ட்ரோல்' இல்லாத முறை எனக்குச் சரிவராது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த கத்தியை இருட்டின பிறகு காய்ச்சினேன். கீழே செங்கல் போட்டேன். காந்தம் விட்டது, நிறம் தெரிந்தது, எண்ணெயில் இறங்கியது, அரம் வழுக்கியது. கீழே போடவில்லை. கடினம் ஏறிய எஃகை மிதமாகச் சூடு காட்டி அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய் சில்லு சில்லாகப் பெயரும். அதற்கு 200 டிகிரி, இரண்டு மணி நேரம். மனைவி கேக் செய்கிற ஓவனில் வைத்து, டயலைச் சரியாக 200-ல் திருப்பிவிட்டு, கிரிக்கெட் பார்க்கப் போனேன். கம்பிச் சுருளுக்கு ஒரு விரல் இடைவெளியில் வைத்திருக்கிறேன் என்பதும், அந்த டயல் ஒரு குத்துமதிப்புத்தான் என்பதும் அப்போது கவனத்தில் இல்லை. திறந்து பார்த்தால் கத்தி வாய் முழுக்க மயில்கழுத்து நீலம். அப்படி ஒரு அழகை எஃகில் நான் பார்த்ததே இல்லை. ஆபீஸ் குரூப்பில் போட்டோ போட்டேன். திருப்பாச்சேத்திக்கே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பட்டைக்கு நல்ல பதம் சார்" என்றார். வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

கைப்பிடி ஊரிலிருந்து கொண்டுவந்த பூவரசங்கட்டை. பூணுக்கு ஏ.சி. மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிய செம்புக் குழாய்த் துண்டு. துளைக்குள் அரக்கைப் பொடித்துப் போட்டு, கத்தியின் வாலைச் சூடாக்கி இறக்குவது பழைய முறை. இறக்கினேன், புகைந்தது, கட்டை விரிந்தது. விரிசலில் எப்பாக்ஸிப் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்தேன். விருந்தாளிகளிடம் அதை மரத்தின் இயற்கையான ரேகை என்று சொல்லியிருக்கிறேன்.

சமையலறைக்குப் போனது கத்தி. கூர்மையில் குறையே சொல்ல முடியாது. முன்கை மயிரை மழிக்கும், பேப்பரைத் தொங்கவிட்டுக் கிழிக்கும். ஆனால் கேரட்டை நறுக்க வைத்தால் பாதிவரை இறங்கும், பிறகு கேரட் டக்கென்று பிளந்து ஒரு பாதி அடுப்படிக்கும் ஒரு பாதி ஹாலுக்கும் போகும். தக்காளித் தோலைத் துல்லியமாகத் திறந்துவிட்டு உள்ளே இருப்பதையெல்லாம் நசுக்கும். வெங்காயம் கறுத்துப்போகும், கார்பன் எஃகுக்கு அது சகஜம் என்று விளக்கம் கொடுத்தேன். மனைவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, இது நறுக்க மாட்டேங்குது. பொளக்குது" என்றாள்.

நான் எஃகைக் குற்றம் சொன்னேன். எண்ணெயைச் சொன்னேன். பெல்ட் கிரைண்டர் மட்டும் இருந்தால் என்று ஆரம்பித்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, அரிவாள்மனையில் வாழைத்தண்டைத் தாள் தாளாக அரிந்துகொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தியை வாங்கி, வாயைப் பார்க்கவே இல்லை, முதுகை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தாள். "ஏய்யா, இம்புட்டுக் கனமா இருந்தா அது எங்குட்டுப் போவும்?"

ஸ்கேல் வைத்து அளந்தேன். முதுகு 4 மில்லிமீட்டர். வேன் பட்டையை 6-லிருந்து 4-க்குக் கையாலேயே அராவிக் கொண்டுவந்தபோது தோள்பட்டை விட்டுப்போய், இது போதும், உறுதியாக இருக்கும் என்று நிறுத்திவிட்டிருந்தேன். பலசரக்குக் கடையில் தொங்குகிற சில்வர் கத்தியின் முதுகு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. வாய் எவ்வளவு கூராக இருந்தாலும் அதன் பின்னால் வருகிற உடம்பு காய்க்குள் நுழைந்தாக வேண்டும். அரை சதவீதக் கார்பன், 770 டிகிரி, பரல், நிறம் என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு அலைந்தவன் கண்ணில் இந்த ஒன்று மட்டும் படவில்லை. அல்லது பட்டும், இன்னும் அராவ வேண்டுமே என்ற சோம்பலில் தெரியாததுபோல இருந்தேன். இரண்டாவதுதான் நிஜம். பெல்ட் கிரைண்டர் இல்லாததால் கெட்டது என்று அதன்பிறகும் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஒரு நண்பன் மெஷின் ஆக்சா பிளேடு ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். லேத்துப் பட்டறைகளில் பெரிய இரும்பை அறுக்கிற பிளேடு, 2 மில்லிமீட்டர் கனம். ஏற்கெனவே கடினப்பட்டது, உலையே வேண்டாம். கிரைண்டரை இரவல் வாங்கி, அசிங்கமாக இருந்த பல்லையெல்லாம் முதல் வேலையாகச் சீவித் தள்ளி, அந்தப் பக்கத்தையே வாயாக்கினேன். கைப்பிடிக்குத் துளை போடப் போனால் டிரில் பிட் கருகியது. சுவரில் துளை போடுகிற பிட்டைத் தீட்டித்தான் ஒருவழியாக இறக்கினேன். கத்தி முடிந்த பிறகு நண்பன் வந்து பார்த்து, "பல்லு எங்கடா?" என்றான். அது பைமெட்டல் பிளேடாம். ஹைஸ்பீடு ஸ்டீல் இருப்பது பல் நுனியில் மட்டும். மிச்ச உடம்பெல்லாம் வளைந்துகொடுக்கிற சாதா ஸ்பிரிங் எஃகு. அதில் உருப்படியாக இருந்த ஒரே பாகத்தைச் சுத்தமாகச் சீவிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

அந்தக் கத்தியைத்தான் மனைவி இப்போது தினமும் எடுக்கிறாள். கூர் நாலு நாளில் போய்விடுகிறது, பீங்கான் கோப்பையின் அடியில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்கிறாள். தக்காளியை மெல்லிசாக அரிகிறது. இதற்கு ஃபாரடேயும் வேண்டாம், கடலை எண்ணெயும் வேண்டாம். இதில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம், 2 மில்லிமீட்டர் பிளேடு அதுவாகவே 2 மில்லிமீட்டராக இருந்ததுதான்.

நீலக் கத்திக்கும் வேலை கிடைத்துவிட்டது. அதன் முதுகால் இரண்டு போடு போட்டால் தேங்காய் அழகாக இரண்டாகிறது. எங்கள் வீட்டில் முதுகு மட்டும் வேலை பார்க்கிற கத்தி அது. ஆனால் அதைத் திருப்பிப் பிடித்து ஓங்கும்போது வாய் தன் முகத்தைப் பார்த்து இருப்பதாக மனைவி பயந்தாள். மழுக்கித் தரச் சொன்னாள். நான் கொஞ்சம் கெத்தாகவே சிரித்தேன். துவைச்சல் ஏறிய எஃகும்மா அது, அரமெல்லாம் கடிக்காது, வழுக்கும், கல்லில் வைத்து மணிக்கணக்காகத் தேய்த்தால்தான் உண்டு என்றேன். நிரூபித்துக் காட்டுவதற்காகவே அரத்தை எடுத்து வாயில் வைத்து, முறைப்படி முன்னால் தள்ளினேன். முதல் தள்ளில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அடுத்த தள்ளில் கரகரவென்று கடித்து, சாக்பீஸ் வெள்ளையில் இரும்புத்தூள் கறுப்பாக உதிர்ந்தது. அப்போதுதான் திருப்பாச்சேத்திக்காரர் சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது. நீலம் வரை போனால் அது வண்டிக்கு அடியில் வளைந்து நிமிர வேண்டிய ஸ்பிரிங்குக்கு உள்ள பதம். வேன் பட்டையாக வந்ததைத் திரும்பவும் வேன் பட்டையாகவே ஆக்கி வைத்திருந்தேன். "அதான் கடிக்குதே?" என்றாள் மனைவி. ஆமா, நல்ல அரம் என்றேன்.